குறைந்த செலவில் இண்டி கச்சேரிகளும் திறந்தவெளி இசை விழாக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், சொந்தக் காசிலோ சின்ன லேபிள்கள் மூலமாகவோ பாட்டு வெளியிடுகிறவர்களைத்தான் இண்டி கலைஞர்கள் என்கிறோம். அவர்களை நேரில் கேட்க ஆசை இருந்தும் பர்ஸைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தள்ளுபடி தேடி மிச்சம் பிடிப்பதைவிட, எந்த மேடைக்குப் போவது என்பதை மாற்றினால் மிச்சமாவது அதிகம். கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

இதுவரை எந்தக் கச்சேரிக்கும் போனதில்லை. நேராகப் பெரிய விழாவுக்கே போய்விடலாமா?

வேண்டாம். அன்றே போய் அன்றே திரும்பக்கூடிய ஒரு சின்ன அரங்கில் ஆரம்பியுங்கள். நூறு, இருநூறு பேர் நிற்கிற இடம் போதும். டிக்கெட் மலிவு, தங்கும் செலவு இல்லை, பிடிக்கவில்லை என்றால் பாதியில் கிளம்பினாலும் மனசு அடித்துக்கொள்ளாது. பெரிய விழாவில் மேடைக்கு எங்கோ தொலைவில் நின்று திரையைப் பார்ப்பதற்குக் கொடுக்கும் காசில், கிட்டார் வாசிப்பவரின் விரல் தெரியும் தூரத்தில் நின்று பல கச்சேரிகள் கேட்டுவிடலாம். இன்றைக்கு விழாக்களில் கடைசியாக மேடையேறும் ஹெட்லைனர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் இந்த மாதிரி அறைகளில் வாசித்தவர்கள்தான்.

சின்ன அரங்குகளை நடத்துவது லேசான காரியமில்லை. அவற்றைக் காப்பாற்றுவதற்கென்றே பிரிட்டனில் 2014-ல் மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. சின்ன அரங்குகளைக் கொண்டாடும் இண்டிபென்டன்ட் வென்யூ வீக் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். நீங்கள் கொடுக்கும் சின்னத் தொகைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

அந்த மாதிரிக் கச்சேரிகள் நடப்பதே எனக்குத் தெரிவதில்லை. எங்கே தேடுவது?

சாங்கிக், பேண்ட்ஸ்இன்டவுன் போன்ற செயலிகள் உங்கள் போனில் நீங்கள் கேட்கும் பாட்டுகளை வைத்து, அந்தக் கலைஞர் பக்கத்தில் வரும்போது அறிவிப்பு அனுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீங்கள் ஏற்கெனவே கேட்டவர்களைத்தான் அவை சொல்லும். கேட்டிராதவர்களைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, கலைஞரைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு அரங்கைப் பின்தொடர்வது. ஒவ்வொரு சின்ன அரங்குக்கும் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் ஓர் ஆள் இருப்பார். அவருடைய ரசனை உங்களுக்கு ஒத்துப்போனால், அங்கே யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

அப்புறம், முக்கியக் குழுவுக்கு முன்னால் வாசிக்கிறவர்களைத் தவறவிடாதீர்கள். பலர் அந்த நேரத்தில் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். கொடுத்த காசுக்கு இரண்டாவது கச்சேரி அது. அவர்கள் பிடித்துப்போனால் அடுத்த முறை அவர்களே தனியாக நடத்தும், இன்னும் மலிவான நிகழ்ச்சிக்குப் போகலாம்.

உண்மையிலேயே இலவசமாக நடக்கும் விழாக்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, அதுவும் பெரிய அளவில். பிரான்சில் 1982 ஜூன் 21 அன்று தொடங்கிய ஃபெட் டி லா முசீக் இன்று எத்தனையோ நாடுகளில் அதே தேதியில் நடக்கிறது. தெருவோரம், பூங்கா, சதுக்கம் என்று எங்கு வேண்டுமானாலும் வாசிப்பார்கள், கேட்பவர்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. வியன்னாவில் டான்யூப் நதித் தீவில் 1984 முதல் நடக்கும் டோனாவ்இன்செல்ஃபெஸ்ட்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. போலந்தின் பால்அண்ட்ராக் விழா 1995-ல், ஒரு மருத்துவ நிதி திரட்டும் அமைப்பின் தொண்டர்களுக்கு நன்றி சொல்லும் விதமாக ஆரம்பித்தது. அதுவும் இலவசம். சான் பிரான்சிஸ்கோவில் 2001 முதல் நடக்கும் ஹார்ட்லி ஸ்டிரிக்ட்லி புளூகிராஸ் விழாவை வாரன் ஹெல்மன் என்ற முதலீட்டாளர் தன் பணத்தில் தொடங்கினார். 2011-ல் அவர் மறைந்த பிறகும் அவர் விட்டுச்சென்ற நிதியில் தொடர்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். விழா இலவசம் என்பதால் அந்த வார இறுதியில் அந்த ஊரில் அறை வாடகை குறையாது, பல நேரம் ஏறத்தான் செய்யும். ஆகவே இலவச விழா உங்களுக்குப் பக்கத்தில் நடந்தால்தான் நிஜமாகவே இலவசம்.

டிக்கெட் எப்போது வாங்கினால் மலிவு?

விழாக்களுக்கும் அரங்குகளுக்கும் விடை வேறு.

விழாக்களில் பெரும்பாலும் படிப்படியாக விலை ஏறும். முதல் கட்டம் யார் வருகிறார்கள் என்று அறிவிப்பதற்கு முன்பே விற்பனைக்கு வரும். அதுதான் ஆகக் குறைந்த விலை. பழைய, நம்பகமான விழா என்றால் பெயர்ப் பட்டியல் பார்க்காமலே அதை வாங்கலாம். தவணை வசதி தந்தால் விதிகளைப் படியுங்கள். ஒரு தவணை தவறினால் டிக்கெட் போய்விடும் விழாக்களும் உண்டு, தவணைக்கென்று தனிக் கட்டணம் வாங்குவதும் உண்டு.

சின்ன அரங்குகளில் அவசரம் குறைவு. விற்றுத் தீராத கச்சேரிக்கு அன்றைய தினம் வாசலிலேயே வாங்கலாம். சில இடங்களில் வாசல் விலை கொஞ்சம் கூடுதல், அதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். விற்றுத் தீர்ந்துவிட்டது என்றாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். டைஸ் போன்ற டிக்கெட் செயலிகளில் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. யாராவது வர முடியாமல் போனால் அந்த டிக்கெட் அடுத்தவருக்குப் போகும். கச்சேரிக்கு முந்தைய ஓரிரு நாளில்தான் இப்படி நிறைய டிக்கெட்டுகள் திரும்பி வரும்.

போட்டிருக்கும் விலை ஒன்று, பணம் கட்டும்போது வேறொன்றாக இருக்கிறதே?

சேவைக் கட்டணம், ஆர்டர் கட்டணம், வசதிக் கட்டணம் என்று பெயர் மட்டும் மாறும். அமெரிக்காவில் 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அந்நாட்டின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி போட்டது. விலையை மறைக்கக்கூடாது என்றுதான் அந்த விதி சொல்கிறது, கட்டணமே கூடாது என்று சொல்லவில்லை. அரங்கின் கவுன்ட்டரில் நேரில் வாங்கினால் பல இடங்களில் இந்தக் கூடுதல் தொகை குறையும், சில இடங்களில் அறவே இருக்காது. அந்தப் பக்கம் வேலையாகப் போகிறீர்கள் என்றால் ஒரு எட்டு நுழைந்து கேளுங்கள்.

மறுவிற்பனையில் வாங்கலாமா?

அசல் விலைக்கு மேல் போகாத தளமென்றால் தாராளமாக. ட்விக்கெட்ஸ் போன்றவை அந்த நோக்கத்துடனே நடப்பவை. அயர்லாந்து 2021-ல் சட்டமே கொண்டுவந்து, குறிப்பிட்ட அரங்குகளிலும் நிகழ்ச்சிகளிலும் அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடுத்தது.

சமூக ஊடகத்தில் முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி மட்டும் பணம் போடாதீர்கள். அதே பார்கோடை அவர் பத்துப் பேருக்கு விற்றிருக்கலாம், வாசலில் முதலில் வந்தவருக்குத்தான் கதவு திறக்கும். டிக்கெட் செயலிக்குள்ளேயே பெயர் மாற்றித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் விலகிவிடுங்கள். பிரிட்டனின் கிளாஸ்டன்பரி மாதிரி விழாக்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டிக்கெட்டில் வாங்கியவரின் புகைப்படம் அச்சாகியிருக்கும், அடுத்தவருக்கு மாற்ற முடியாது. திரும்பி வந்த டிக்கெட்டுகளை விழாவே வசந்த காலத்தில் மறுபடி விற்கும்.

தன்னார்வலராகப் போனால் விழாவை இலவசமாகப் பார்க்கலாம் என்கிறார்களே?

பார்க்கலாம். காசு குறைவாகவும் நேரம் அதிகமாகவும் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பேன். டென்மார்க்கின் ரொஸ்கில்ட விழா 1971-லிருந்து நடக்கிறது. லாப நோக்கமில்லாத அந்த விழாவை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள்தான் தாங்கிப் பிடிக்கிறார்கள், மிஞ்சும் பணம் நற்காரியங்களுக்குப் போகிறது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு கிளாஸ்டன்பரி உள்ளிட்ட விழாக்களுக்கு வாசலிலும் வழிகாட்டவும் ஆட்களை அனுப்புகிறது. விழாவுக்கு விழா மாறினாலும், ஏறக்குறைய எட்டு மணி நேர ஷிஃப்ட் மூன்று என்பது வழக்கமான அளவு. பதிலுக்கு நுழைவு, ஊழியர்களுக்கான தனிக் கேம்பிங் இடம், சில இடங்களில் சாப்பாடு. ஊழியர் கேம்பிங்கில் குளியலறை வரிசை சின்னதாக இருக்கும் என்பது யாரும் விளம்பரப்படுத்தாத சலுகை.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். பெரும்பாலும் டிக்கெட் விலைக்கு நிகரான தொகையை முன்பணமாகக் கேட்பார்கள், எல்லா ஷிஃப்ட்டும் முடித்த பிறகே திரும்பி வரும். அந்தப் பணம் சில மாதங்கள் முடங்கிக் கிடக்கும். ஷிஃப்ட்டை நீங்கள் தேர்வு செய்ய முடியாது. யாருக்காக விண்ணப்பித்தீர்களோ அந்தக் குழு வாசிக்கும் நேரத்தில் நீங்கள் கார் நிறுத்துமிடத்தில் கொடி காட்டிக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு குழுவைப் பார்ப்பதற்காகப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கிவிடுவது நல்லது. விழா நடக்கும் சூழல் பிடித்துப் போகிறவர்களுக்கு இது சரி.

விண்ணப்பம் விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே திறந்து சீக்கிரம் மூடிவிடும். பிரபல விழாவில் இடம் கிடைக்காவிட்டால் ஆள் பற்றாக்குறையோடு நடக்கும் சின்ன விழாக்களைக் கேட்டுப் பாருங்கள். விழா முடிந்த பிறகு மேடையைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலைக்குக் கேட்டால் இன்னும் நல்லது, கச்சேரி நேரம் முழுவதும் உங்களுக்கே.

செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

டிக்கெட்டை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் பயணம், தங்குமிடம், மூன்று நாள் சாப்பாடு, லாக்கர், பார்க்கிங், கேம்பிங்குக்குத் தனிக் கட்டணம் இருந்தால் அது, வேலையில் விடுப்பு எடுத்தால் போகும் சம்பளம் எல்லாவற்றையும் எழுதுங்கள். வெளியூர் விழா என்றால் பெரும்பாலும் இரண்டாவது பக்கம்தான் நீளும். டிக்கெட்டில் பத்து சதவீதம் குறைக்க அலைகிறவர்கள், நான்கு பேராகச் சேர்ந்து ஒரே காரில் போனால் அதைப்போலப் பல மடங்கு மிச்சமாகும் என்பதை யோசிப்பதில்லை. விழாவின் நடுவிலிருந்து ஒரு நாள் டிக்கெட் மட்டும் வாங்குவதும் நல்ல வழி. மூன்றாம் நாள் கால் வலியோடு கேட்கும் பாட்டு முதல் நாள் பாட்டைப் போல இனிக்காது.

கேம்பிங் போவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

முதல் தடவைக்கு எதையுமே வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள். டென்ட் வைத்திருப்பவர்கள் வருடத்தில் பெரும்பாலான நாள் அதைப் பரணில்தான் வைத்திருப்பார்கள்.

காசு போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் டென்ட்டில் போடாமல் பாயில் போடுங்கள். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உடம்பு அழுத்தும் இடத்தில் அது நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சுக்குக் குளிரைத் தடுக்கும் சக்தி இல்லை. பகலெல்லாம் வெயிலடித்த மைதானமும் விடியற்காலையில் சில்லென்று ஆகி, தரை வழியாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். மூடிய நுரையால் (க்ளோஸ்டு-செல் ஃபோம்) ஆன மடிப்புப் பாய் மலிவு, எடை குறைவு, கிழிந்து காற்றுப் போகும் கவலையும் இல்லை.

டென்ட்டை வீட்டிலேயே ஒரு முறை கட்டிப் பாருங்கள். கம்பி ஒன்று குறைகிறது என்பது இருட்டில், மழையில் தெரியவரக் கூடாது. இடம் பிடிக்கும்போது சரிவின் அடியில் வேண்டாம், தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும். கழிப்பறைக்குப் போகும் பாதையை ஒட்டியும் வேண்டாம், இரவு முழுக்க யாராவது கயிற்றில் தடுக்கி விழுவார்கள். தலைவிளக்கு, பவர் பேங்க், மழைக்கோட்டு, பழகிய பழைய ஷூ, ஈரத் துடைப்பான், குப்பை போட இரண்டு பெரிய பை. அவ்வளவுதான்.

ஒருமுறை பயன்படுத்தி விட்டுவிட்டு வரலாம் என்று ஆக மலிவான டென்ட் வாங்குவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். பிரிட்டனில் ஆண்டுதோறும் சுமார் 2,50,000 டென்ட்கள் விழா மைதானங்களிலேயே கைவிடப்படுகின்றன என்று அங்குள்ள சுயாதீன விழாக்களின் சங்கம் 2019-ல் கணக்குச் சொன்னது. அவை யாருக்கோ தானமாகப் போகும் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகிறது. அள்ளும் செலவு அடுத்த வருட டிக்கெட்டில்தான் ஏறும்.

உள்ளே சாப்பாடும் தண்ணீரும் விலை அதிகமாமே?

ஆமாம். பல விழாக்களில் காலி பாட்டில் கொண்டுபோக விடுவார்கள், உள்ளே குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். கேம்பிங் பகுதிக்குச் சாப்பாடு கொண்டுபோக அனுமதிக்கும் விழாக்கள் நிறைய, மேடைப் பகுதிக்கு அனுமதிப்பவை குறைவு. காலையில் டென்ட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உள்ளே ஒரு வேளை மட்டும் வாங்குவது என்று வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். கெடாத, சமைக்கத் தேவையில்லாத பண்டமாக எடுத்துப்போங்கள்.

ரொக்கத்துக்குப் பதிலாக மணிக்கட்டில் கட்டும் கைப்பட்டையில் பணம் ஏற்றிக்கொள்ளும் விழாக்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மீதியைத் திரும்பப் பெறக் கடைசித் தேதி வைத்திருப்பார்கள், கட்டணமும் பிடிக்கக்கூடும். பட்டையைத் தட்டும்போது காசு போவது கைக்குத் தெரிவதில்லை, அதனால் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

காதடைப்பான் அவசியமா?

அவசியம். இந்தப் பட்டியலிலேயே ஆகக் குறைந்த விலைக்கு ஆகப் பெரிய பலன் தருவது அதுதான். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வகுத்த கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்து சேரும்போது மிஞ்சுவது 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்ச வரம்பே சராசரி 100 டெசிபல்தான். கச்சேரியோ இரண்டு மணி நேரம்.

நுரைக் காதடைப்பானை விரலால் உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு உள்ளே விட்டு, அது விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். சும்மா காதின் ஓரத்தில் செருகினால் பயனில்லை. நுரை உயர்ந்த சுரங்களை அதிகமாக மழுக்கும். அடிக்கடி போகிறவர்கள் இசைக்கென்றே வரும் வடிகட்டி வைத்த காதடைப்பான் வாங்கிக்கொள்ளலாம், வருடக்கணக்கில் வரும்.

டி-ஷர்ட், இசைத்தட்டு எல்லாம் வாங்கினால் பட்ஜெட் என்னாவது? பாட்டைத்தான் போனிலேயே கேட்கிறோமே?

போனில் கேட்பதால் சின்னக் குழுவின் கைக்கு வருவது சொற்பம். டிக்கெட் காசில் அரங்கு, ஒலியமைப்பு, வேன், பெட்ரோல் எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று சொல்ல முடியாது. அறையின் மூலையில் ஒரு மேசை போட்டு விற்கிறார்களே, அந்தப் பணம்தான் பல குழுக்களை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறது. அதிலும் பங்கு கேட்கும் அரங்குகள் உண்டு. அப்படிப் பங்கு எடுக்காத அரங்குகளைப் பட்டியலிடும் வேலையை பிரிட்டனின் இசைக் கலைஞர்கள் அமைப்பான ஃபீச்சர்டு ஆர்ட்டிஸ்ட்ஸ் கோயலிஷன் 2022-ல் தொடங்கியது.

ஆகவே என் யோசனை: உள்ளே பானங்களுக்கு ஒதுக்கியதைக் குறைத்து மேசையில் செலவிடுங்கள். டி-ஷர்ட் முடியாவிட்டால் ஒரு ஸ்டிக்கர் அல்லது பேட்ஜ். அன்று கையில் காசில்லையா, குறித்து வைத்துக்கொண்டு பிறகு, கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குங்கள். அந்தத் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பொருள்களில் 10 சதவீதமும் எடுக்கும். 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் ஃப்ரைடே நாள்களில் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடும். அந்த வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

தனியாகப் போகலாமா?

போகலாம். ஒற்றை டிக்கெட் கிடைப்பது சுலபம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், பிடித்த மேடைக்கு நகரலாம். எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவியாளரையும் அழைத்துப்போனால் இரட்டைச் செலவு ஆகாதா?

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பல அரங்குகளும் விழாக்களும் உடன் வரும் உதவியாளருக்கு இலவச டிக்கெட் தருகின்றன. மற்ற இடங்களிலும் கேட்டால் கிடைப்பதுண்டு. பொது விற்பனைப் பக்கத்தில் இது தெரியாமல் போகலாம், வாங்குவதற்கு முன்பே அரங்குக்கு எழுதிக் கேளுங்கள்.

விழாவே ரத்தானால்?

பெரும்பாலும் டிக்கெட்டின் அசல் விலை திரும்ப வரும். சேவைக் கட்டணம் வருவது சந்தேகம், ரயில் டிக்கெட்டும் அறை வாடகையும் உங்கள் தலையில். அதனால் முதல் ஆண்டு நடக்கும் விழாவுக்கு முன்பதிவு செய்தால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள், கார்டில் பணம் கட்டுங்கள். 2017-ல் பஹாமாஸ் தீவில் ஃபயர் ஃபெஸ்டிவல் என்று ஆடம்பரமாக விளம்பரம் செய்தார்கள். பெரும் தொகை கொடுத்துப் போய் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது பேரிடர் நிவாரண டென்ட்கள். நடத்திய பில்லி மெக்ஃபார்லண்டுக்கு அடுத்த ஆண்டு மோசடிக்காக ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. விளம்பரத்தில் படகும் பிரபலங்களும் நிறைய, கழிப்பறை, தண்ணீர், போக்குவரத்து பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் ஒதுங்கிவிடுவது உத்தமம்.

மழை வந்தால் என்ன செய்வது?

மழைக்கு நனையலாம், மின்னலுக்கு நிற்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை வெளியே வரவேண்டாம். டென்ட் பாதுகாப்பான இடமில்லை, மரத்தடியும் இல்லை.

கச்சேரி முடிந்து திரும்புவதற்கு டாக்ஸிக்கே டிக்கெட் அளவு ஆகிறதே?

டிக்கெட்டில் இருப்பது கதவு திறக்கும் நேரம்தான். யார் எத்தனை மணிக்கு மேடையேறுவார்கள் என்பதைப் பெரும்பாலும் அன்றைய தினம் அரங்கோ குழுவோ சமூக ஊடகத்தில் போட்டுவிடும். அதைப் பார்த்து, கடைசி ரயிலோ பஸ்ஸோ எத்தனை மணிக்கு என்று ஒப்பிட்டுக்கொண்டு கிளம்புங்கள். இடிக்கிற மாதிரி இருந்தால் கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சின்ன அரங்குகளில் ஒலியமைப்பாளர் மேசை பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும், அதன் அருகில்தான் சத்தம் சீராகக் கேட்கும்.